இடது இதயக் குறைவளர்ச்சி: கைக்குழந்தைப் பராமரிப்பு

இடது இதயக் குறைவளர்ச்சி என்பது இதயத்தின் இடப்பக்கம் கருவிலேயே சரியாக உருவாகாமல் போகும் கடுமையான பிறவிக் குறை. சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுகின்றன. 1980களுக்கு முன் இதற்கு நிலைத்த சிகிச்சை ஏதும் இருக்கவில்லை. இப்போது மூன்று கட்ட அறுவை சிகிச்சை முறையாக நடைபெறுகிறது. முதல் அறுவைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட சில மாதங்களே இச்சிகிச்சையில் மிகவும் நிலையற்ற காலம். அந்தக் காலத்தில் பல குழந்தைகள் வீட்டில்தான் இருக்கின்றன. எனவே வீட்டில் எடை பார்ப்பதும், இரத்த ஆக்சிஜன் அளவைக் குறித்துவைப்பதும், பால் புகட்டுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன.

குறையின் இயல்பு

இயல்பான இதயத்தில் வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கும் இடப்பக்கம் உடலுக்கும் செலுத்துகிறது. இக்குறையில் இடது கீழறை, அதன் ஈரிதழ் வால்வு, பெருந்தமனி வால்வு, பெருந்தமனியின் தொடக்கப் பகுதி ஆகியவை மிகச் சிறியனவாகவோ அடைபட்டோ இருக்கும். உடலுக்கு இரத்தம் அனுப்பும் வேலையும் வலது கீழறையின் மேல் விழுகிறது.

கருவில் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை. நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் கருத்தமனி நாளம் திறந்திருப்பதால் குழந்தை சிரமமின்றி வளர்கிறது. பிறந்தபின் அந்த நாளம் தானாக மூடத் தொடங்கும்போது உடலுக்கான இரத்த ஓட்டம் அறுபடுகிறது. பிறந்தவுடன் நலமாகத் தோன்றிய குழந்தை இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரெனச் சாம்பல் நிறமாகி, மூச்சிரைத்து, கைகால் குளிர்ந்துபோவது இதனால்தான்.

இந்தக் குறைகளின் தொகுப்பை 1952இல் அமெரிக்க நோயியலாளர் மாரிஸ் லெவ் விவரித்தார். 1958இல் ஜாக்குலின் நூனனும் அலெக்சாண்டர் நாடாஸும் இப்போதைய பெயரை இட்டனர். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறையுடன் பிறக்கிறது. ஆண் குழந்தைகளில் சற்றுக் கூடுதல். டர்னர் நோய்த்தொகுதி போன்ற குரோமோசோம் குறைகளுடன் சேர்ந்து வருவதும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளில் தனியொரு காரணத்தைச் சுட்ட முடிவதில்லை.

கண்டறிதலும் முதல் நாட்களும்

கருவுற்ற 18 முதல் 22 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளும் சமமாகத் தெரியாவிட்டால், கரு இதய எக்கோ மூலம் குறை உறுதிசெய்யப்படுகிறது. முன்கூட்டித் தெரிந்தால் குழந்தை இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனையிலோ அதன் அருகிலோ பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். ஸ்கேனில் தவறியவற்றைப் பிடிக்க, பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் வலது கையிலும் ஒரு காலிலும் இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கும் சோதனை உதவுகிறது. 2011இல் அமெரிக்கா இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

நோய் தெரிந்தவுடன் புராஸ்டகிளாண்டின் மருந்து சிரை வழியே தொடர்ச்சியாகச் செலுத்தப்படுகிறது. 1970களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்து கருத்தமனி நாளத்தை மூடவிடாமல் வைத்து, அறுவைக்கு அவகாசம் தருகிறது. காய்ச்சலும் இடையிடையே மூச்சு நின்றுபோவதும் இதன் பக்கவிளைவுகள். ஆகையால் குழந்தை தீவிரக் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும்.

மூன்று கட்ட அறுவை

முதல் கட்டம் நார்வுட் அறுவை. பொதுவாகப் பிறந்த முதல் இரு வாரங்களுக்குள் நடைபெறும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வில்லியம் நார்வுட் வடிவமைத்த இந்த முறையின் வெற்றி 1980களின் தொடக்கத்தில் வெளியானது. நுரையீரல் தமனியின் அடிப்பகுதியைக் கொண்டு புதிய பெருந்தமனி அமைக்கப்படுகிறது. நுரையீரலுக்கு இரத்தம் போக, சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள செயற்கைக் குழாய் ஒன்று பொருத்தப்படுகிறது. இதை ஷன்ட் என்கிறார்கள். இதன் மூல வடிவம் 1944 நவம்பரில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளேலாக், ஹெலன் டாசிக், விவியன் தாமஸ் ஆகியோரின் உழைப்பில் உருவானது. குழாயை வலது கீழறையிலிருந்தே நுரையீரல் தமனிக்கு இணைக்கும் மாற்று முறையை ஜப்பானின் ஒகயாமாவைச் சேர்ந்த ஷுன்ஜி சானோ பரவலாக்கினார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 15 மையங்களில் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. இதய மாற்றின்றி ஓராண்டு நிறைவில் உயிரோடிருந்தோர் சானோ முறையில் 74 விழுக்காடு, மற்றதில் 64 விழுக்காடு. பின்வந்த ஆண்டுகளில் இந்த இடைவெளி குறைந்துவிட்டது.

இரண்டாம் கட்டம் கிளென் அறுவை, 4 முதல் 6 மாத வயதில். மேற்பெருஞ்சிரை நேராக நுரையீரல் தமனியுடன் இணைக்கப்படும், ஷன்ட் நீக்கப்படும். மூன்றாம் கட்டம் ஃபோன்டான் அறுவை, பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள். பிரான்சின் போர்டோவில் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் வேறொரு குறைக்காகச் செய்து 1971இல் அறிவித்த முறையின் வழிவந்தது இது. கீழுடலின் அசுத்த இரத்தமும் இதயத்தைத் தொடாமலே நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.

இதய மாற்று மற்றொரு வழி. 1984இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் லியோனார்ட் பெய்லி இக்குறையுள்ள குழந்தைக்கு பபூன் குரங்கின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தை மூன்று வாரமளவே வாழ்ந்தது. அடுத்த ஆண்டே அங்கு பச்சிளங்குழந்தைக்கு மனித இதயம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. ஆனால் அளவுக்குப் பொருந்தும் இதயம் கிடைப்பது அரிது. ஆதலால் படிப்படியான அறுவையே பெரும்பாலோருக்கு வழியாக இருக்கிறது.

வீட்டுக் கண்காணிப்பின் தோற்றம்

நார்வுட் அறுவை தேறி, வீடு திரும்பி, இரண்டாம் அறுவைக்குக் காத்திருந்த குழந்தைகளில் கணிசமானோர் முன்னறிவிப்பின்றி இறந்தது 1990களில் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. வெறும் வயிற்றுப்போக்கோ சளியோகூடப் போதுமாக இருந்தது. நீர்வற்றினால் குறுகிய ஷன்ட்டில் இரத்தம் உறையலாம். ஒரே கீழறையை நம்பியிருக்கும் உடலுக்கு இருப்பில் தெம்பு கிடையாது.

அமெரிக்காவின் மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் குழந்தைகள் மருத்துவமனை 2000இல் எளிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குழந்தை எடைத்தராசு ஒன்றும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். பெற்றோர் தினமும் குறித்துவைத்து, எல்லை மீறினால் அழைக்க வேண்டும். நான்சி கனாயம் குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவின்படி, அதற்கு முன் வீட்டில் இறப்பு 15 விழுக்காடு அளவுக்கு இருந்தது; கண்காணிக்கப்பட்ட குழந்தைகளிடையே ஒன்றுகூட நிகழவில்லை. எண்ணிக்கை சிறியதே, ஆயினும் பல மையங்கள் இம்முறையைப் பின்பற்றின. பின்னர் பெற்றோர் அமைப்புகளும் சேர்ந்து உருவான அமெரிக்கக் கூட்டு முயற்சி, இவ்விடைக்கால இறப்பை 40 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது.

அன்றாடப் பராமரிப்பு

*எடையும் ஆக்சிஜன் அளவும்.* தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன் எடை பார்க்கப்படுகிறது. ஒரு நாளில் 30 கிராம் குறைந்தாலோ, மூன்று நாட்களில் 20 கிராம்கூடக் கூடாவிட்டாலோ மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பது மில்வாக்கி வரையறை. சுத்த இரத்தமும் அசுத்த இரத்தமும் ஒரே அறையில் கலப்பதால், இக்குழந்தைகளுக்கு 75 முதல் 85 விழுக்காடு வரையான ஆக்சிஜன் அளவே எதிர்பார்க்கப்படுகிறது. 75க்குக் கீழ் இறங்கினால் பல மையங்கள் அதை அபாய எல்லையாகக் கொள்கின்றன. 90ஐத் தாண்டுவதும் நல்ல செய்தியன்று: நுரையீரலுக்கு இரத்தம் அளவுக்கு மீறிப் போய், உடலுக்கு ஓட்டம் குறைகிறது என்று அதற்குப் பொருள். ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த பாதமும் காலை உதைப்பதும் கருவியைத் தவறாகக் காட்டவைக்கும். காலைச் சூடாக்கி, குழந்தை அமைதியான பின் மீண்டும் பார்க்க வேண்டும். ஆயினும் குழந்தை வாடியோ நீலம் பாரித்தோ இருந்தால், மறுபடி அளந்துகொண்டு நேரத்தைப் போக்கலாகாது.

*பால் புகட்டல்.* பால் குடிப்பதே இக்குழந்தைக்குப் பெரும் உழைப்பு. நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், பாதியில் தூங்கிவிடும். இயல்பான குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 கலோரி அளவு போதும். இவர்களுக்கு 120 முதல் 150 வரை தேவைப்படலாம். எனவே பீய்ச்சிய தாய்ப்பாலில் மருத்துவர் குறித்த அளவில் செறிவூட்டும் மாவு கலக்கப்படுகிறது. ஒரு வேளைப் பால் அரை மணிக்குள் முடிய வேண்டும். மிச்சம் மூக்குவழிக் குழாயில் போகும். பெருந்தமனியைச் சீரமைக்கையில் குரல்நாண் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அழுகை கம்மிப்போயிருக்கும், பால் புரையேறும். அப்போது வாய்வழிப் பால் தள்ளிவைக்கப்படும். குடலுக்குப் போதிய இரத்தம் கிட்டாமல் குடல் அழற்சி வரும் ஆபத்தும் உண்டு. வயிறு உப்புசம், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவை உடனே கவனிக்க வேண்டியவை.

*மருந்துகள்.* ஷன்ட் அடைபடாமலிருக்க ஆஸ்பிரின், நீர் சேராமலிருக்க ஃபுரோசமைடு, பலருக்கு டிகாக்சின், எனலாபிரில் ஆகியவை தரப்படுகின்றன. அளவுகள் மில்லிலிட்டரின் பின்னங்களில் இருப்பதால் ஊசியற்ற சிரிஞ்சே பயன்படும். பாலாடையோ கரண்டியோ கூடாது. விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுப்பது ஆபத்து. ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்கு ஃபுளூ, சின்னம்மை வந்தால் ரேய் நோய்த்தொகுதி என்ற அரிய பாதிப்பு நேரலாம் என்பதால் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

*தொற்றுத் தடுப்பு.* சுவாச ஒத்திசைவு வைரஸ் இவர்களைக் கடுமையாகத் தாக்கும். அதற்கு எதிரான பாலிவிசுமாப் ஊசி 1998இலும் நீண்ட நாள் செயல்படும் நிர்செவிமாப் 2023இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வழக்கமான தடுப்பூசிகளைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்களும் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்வது குழந்தைக்குக் காப்பு. பார்க்க வருவோர் கைகழுவுதல், சளி உள்ளவர் தள்ளி நிற்றல், புகையிலை, சாம்பிராணி முதலிய எந்தப் புகையும் அண்டாமை ஆகியவை பொது விதிகள். பல் முளைத்தபின் வாய்ச் சுத்தமும் முக்கியம். பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி இதய உட்சவ்வைத் தாக்கக்கூடும்.

*தூக்குதலும் அழுகையும்.* மார்பெலும்பு கூடும்வரை, ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு, அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தலைக்கடியில் ஒரு கையும் பிட்டத்துக்கடியில் மறு கையும் கொடுத்து ஏந்த வேண்டும். நீண்ட நேரம் அழவிடாமல் சமாதானப்படுத்துவதும் அறிவுறுத்தப்படுகிறது.

ஆபத்து அறிகுறிகள்

உதடும் நாக்கும் வழக்கத்தைவிடக் கருநீலமாதல், வெளிறுதல், முனகியபடி மூச்சுவிடுதல், பால் மறுத்தல், எழுப்பினாலும் எழாத சோர்வு, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மற்றக் குழந்தைகளுக்கு ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம் என விடக்கூடிய வாந்திபேதிகூட இவர்களுக்கு அவசரநிலை. பல மையங்களில் வீட்டுக்கு அனுப்புமுன் பெற்றோருக்கு இதய நுரையீரல் மீட்புப் பயிற்சி தரப்படுகிறது. ஓரிரு நாள் மருத்துவமனை அறையிலேயே எல்லா வேலையையும் பெற்றோரே செய்து பழகுகிறார்கள்.

வளர்ச்சியும் பெற்றோரும்

அறுவைக்குப் பின் குப்புறக் கிடந்து விளையாடும் நேரம் குறைவதால் கழுத்து நிற்பதும் தவழ்வதும் தாமதமாகலாம். பேச்சு, கவனம், கற்றல் ஆகியவற்றிலும் பின்தங்கும் வாய்ப்புள்ளதால், இக்குழந்தைகளுக்குக் குறித்த வயதுகளில் நரம்பு வளர்ச்சிச் சோதனை வேண்டும் என 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைத்தது. இயன்முறைப் பயிற்சியை முன்னதாகத் தொடங்குவது பலன் தரும்.

இரவும் பகலும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்தந்தையருக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றப் பெற்றோரைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் கண்டது. ஆகவே குழந்தையைக் கவனிக்கக் குறைந்தது இருவர் முழுப் பயிற்சி பெறுவதும், இரவு முறை மாற்றிக்கொள்வதும், உளவியல் உதவி பெறுவதும் பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கப்படுகின்றன.

இந்தியச் சூழல்

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற ஒன்றிய அரசுத் திட்டம் குழந்தைகளிடையே பிறவி இதயக் குறைகளையும் தேடிக் கண்டறிகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இதய அறுவைகள் அடங்கும். எனினும் பலமுறை அறுவையும் இடையறாக் கண்காணிப்பும் வேண்டும் இடது இதயக் குறைவளர்ச்சிக்கான சிகிச்சை சில மையங்களிலேயே நடைபெறுகிறது. தூரம், செலவு, மருத்துவமனைக்கு அருகில் தங்கும் வசதி ஆகியவை முடிவைத் தீர்மானிக்கின்றன. அறுவையை நாடாமல், வலியின்றிப் பேணும் ஆறுதல் சிகிச்சையைத் தேர்வதும் மருத்துவம் ஏற்கும் வழிகளில் ஒன்று. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கருவில் பெருங்குறை உள்ளதென மருத்துவக் குழு கண்டால் 24 வாரத்துக்குப் பின்னும் அனுமதி தருகிறது.

பிற்காலம்

ஃபோன்டான் அறுவையுடன் சிகிச்சை நிறைவடைவதில்லை. கல்லீரல் நார்த்திசுப் பெருக்கம், இதயத்துடிப்புக் கோளாறு, குடல்வழிப் புரத இழப்பு, வலது கீழறையின் தளர்ச்சி ஆகியவை பின்னாளில் வரலாம். சிலருக்கு இதய மாற்று தேவைப்படும். நார்வுட் முறையின் முதல் தலைமுறையில் பிழைத்தவர்கள் இன்று நடுவயதை எட்டுகின்றனர். அவர்களுக்காகப் பிறவி இதயக் குறையுள்ள பெரியவர்களுக்கான தனி மருத்துவப் பிரிவுகள் உருவாகியுள்ளன. குழந்தைக்கு விவரம் தெரியும் வயதிலிருந்தே தன் இதயத்தின் அமைப்பையும் மருந்துகளின் பெயரையும் சொல்லிக் கொடுத்து, பெற்றோர் வைத்திருந்த கண்காணிப்புப் பொறுப்பைப் படிப்படியாகக் குழந்தையிடமே ஒப்படைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.