வேட்டியில் சேறு இல்லாத உழவர்

ராயப்பேட்டையில எங்க வீட்டிலிருந்து பைகிராப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடைகள் நடை தூரம்தான். போன மாசம் அங்கே ஒரு கலைப் புத்தகத்தில் கிராண்ட் வுட் வரைந்த ‘அமெரிக்கன் காதிக்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு சார், வெள்ளைக்காரப் பண்ணையாரும் சம்சாரமுமா?" என்றார்.

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 1930-இல் அந்தப் படத்துக்காக நின்றவர்கள் ஓவியரின் தங்கையும் அவருடைய பல் டாக்டரும். அதுவும் தனித்தனியாக! கையில் வைக்கோல் அள்ளும் முள்ளைக் கொடுத்ததும் டாக்டர் விவசாயி ஆகிவிட்டார். படம் பத்திரிகையில் வந்ததும் அயோவா விவசாயக் குடும்பங்களுக்குக் கோபம். எங்களைக் கேலி செய்கிறாயா என்று சண்டைக்கு வந்தார்கள்.

இதே மாதிரி ஜோடிப் படங்கள் நூறு வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூரில் உண்டு. கம்பெனி ஓவியம் என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வெள்ளைக்காரர்கள் வாங்குவதற்காக உள்ளூர் ஓவியர்கள் ஆல்பம் ஆல்பமாக வரைந்து தள்ளினார்கள். சாதிக்கு ஒரு ஜோடி, தொழிலுக்கு ஒரு ஜோடி. கணவன் கையில் கருவி, பக்கத்தில் மனைவி, காலடியில் கொஞ்சம் தரை, மேலே வெறும் வானம். கூடவே சாதியோ தொழிலோ எழுதியிருக்கும், ஆள் பெயர் இருக்காது. முகங்களும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். உடையும் கருவியும் மாறினால் சாதி மாறிவிடும். ஆக, இங்கேயும் உழவரை உழவராக்குவது கருவிதான்.

ஆனால் அயோவாக்காரர் மாதிரி இந்த உழவர் சண்டைக்குப் போக முடியாது. ஆல்பம் கப்பலேறிவிட்டது, பல இன்று லண்டன் மியூசியங்களில் இருக்கின்றன. படத்தில் எல்லாச் சாதியும் ஒரே உயரம், ஒரே வானம். வயலில் அப்படியா இருந்தது? காவிரிப் பாசனத்தின் நெல்லை விளைவித்தவர்களில் பெரும்பகுதி அடிமைப்பட்ட பண்ணையாட்கள். அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் 1843-இல்தான் போனது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆகிவிட்டது. இதெல்லாம் அந்த நீல வானத்துக்குள் எங்கேயும் தெரியாது.

என் தாத்தா மன்னார்குடிப் பக்கம் பண்ணையாள். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதனாலோ என்னவோ, இந்த ஆல்பங்களை இணையத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஓர் உழவர் ஜோடியை அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேட்டியில சேறே இல்லையேடா" என்றார்.