திருப்புமுனைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர்

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள் எவை என்று கேட்டால் நாம் ஆண்டுகளைத்தான் சொல்வோம். 1776 சுதந்திரப் பிரகடனம். 1808 அடிமை இறக்குமதித் தடை. 1863 லிங்கனின் விடுதலைப் பிரகடனம். 1865 அடிமை முறை ஒழிப்பு. பரீட்சைக்கு இது போதும். இந்த ஆண்டுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவரை இன்று பார்ப்போம்.

பெயர் உமர் இப்னு ஸயீத். இன்றைய செனகலில் உள்ள பூத்தா தோரோவில் 1770ஆம் ஆண்டளவில் பிறந்தார். 25 வருடங்கள் கல்வி கற்ற ஆலிம். 1807இல் ஊருக்குள் புகுந்த ஒரு படை பலரைக் கொன்றது. இவரைப் பிடித்து, கடற்கரைக்குக் கொண்டுபோய் விற்றது. ஒன்றரை மாதம் கடலில். பிறகு தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகம்.

இறக்குமதித் தடைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜெபர்சன் 1807 மார்ச்சிலேயே கையொப்பமிட்டுவிட்டார். ஆனால் அது அமுலுக்கு வந்தது 1808 ஜனவரி 1இல். உமரின் கப்பல் 1807இல் வந்துவிட்டது.

வாங்கியவன் கொடுமைக்காரன். 1810இல் தப்பியோடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். சிறைச் சுவரில் கரியால் அரபியில் எழுதினார் என்ற செய்தி அக்காலத்திலேயே பரவியிருந்தது. பிறகு ஜேம்ஸ் ஓவன் என்பவர் இவரை வாங்கினார். ஓவனின் சகோதரர் பின்னாளில் அந்த மாநிலத்தின் ஆளுநரானார்.

1831இல் உமர் தன் வாழ்க்கையை அரபியில் 15 பக்கங்களில் எழுதினார். தன் பேச்சுமொழியையும் அரபியையும் பெருமளவு மறந்துவிட்டதாக அதில் மன்னிப்புக் கேட்கிறார். 25 வருடம் கற்றவர்! ஆனால் அந்த ஏட்டைத் தொடங்குவது நம்மில் பலர் இரவில் ஓதும் ஸூரத்துல் முல்க்கைக் கொண்டு. உடைமையும் ஆட்சியும் யாருக்குரியவை என்று பேசும் அத்தியாயம் அது. எழுதியவரோ இன்னொரு மனிதரின் உடைமை. அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார் என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. உள்ளத்தில் என்ன இருந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு எமது வேலையல்ல.

1863இல் லிங்கனின் பிரகடனம் வந்தபோது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். தாளில் அது வட கரோலினாவுக்கும் பொருந்தியது. வடக்கின் இராணுவம் போய்ச் சேராத இடங்களில் அந்தத் தாளுக்கு வலுவில்லை. போர் முடியுமுன் உமர் அடிமையாகவே மௌத்தானார்.

அந்த 15 பக்கங்களும் இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 2019 முதல் இணையத்தில் எவரும் பார்க்கலாம். எழுத்து மேற்காபிரிக்கப் பாணி என்பதால் எமது பிள்ளைகள் முதலில் கொஞ்சம் திணறுவார்கள். ஆனாலும் எந்த ஸூரா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.