பம்பு வெடிச்ச கதையும் சிகாகோ கதையும்

மிச்சிகன் ஏரிக்கரை மரவீட்டுல பம்புத் தண்ணிய வடிக்காம ஊருக்குத் திரும்பிட்டேன். உறைஞ்சா தண்ணி 9 சதவீதம் விரியுமே, வார்ப்பிரும்பு பிளந்துடுச்சு. (சிரிக்காதீங்க மக்களே!)

அந்தக் கடுப்புல இதே ஏரியில சிகாகோக்காரங்க பட்ட பாட்டைத் தேடிப் படிச்சேன். சாக்கடை கலந்து கரையோரத் தண்ணி கெட்டுப்போனதால், பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோ ஏரிக்கடியில் 2 மைல் சுரங்கம் அமைத்தார். 1867-ல் அது வழியாகத் தண்ணீர் வந்தது. கரையில் இருந்த பம்புகள் நீராவியில ஓடுனதால அங்கே குளிர் பெரிய பிரச்சினை இல்லை. சிக்கல் ஏரி நடுவே, தண்ணி உள்ளே போற 'கிரிப்'பில்தான். உறைநிலைக்குச் சற்றே கீழே குளிர்ந்த தண்ணியில ஊசி ஊசியாப் பனித்துகள் உருவாகி வாயை அடைச்சிடும். அடைச்சா பம்பு ஓடியும் ஊருக்குத் தண்ணி கிடையாது! குளிர்காலம் முழுக்க ஆளுங்க அங்கேயே தங்கி, கழியால குத்தியும், பிற்காலத்துல டைனமைட் வெச்சும் பனியை உடைச்சாங்க.

நான் திறக்காம விட்டது ஒரே ஒரு வடிகால் திருகு.