அடித்தலும் திருத்தலும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டிற்குச் செல்லும் சாலையில், இரு மாநிலங்களின் எல்லையில், கோவிந்தாபுரம் இருக்கிறது. பாலக்காட்டைத் தன்னுட்கொண்ட மலபார் மாவட்டம் 1956 நவம்பர் 1இல் கேரளம் அமையும்வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இவ்வட்டாரத்துப் பழைய ஆவணங்களில் ‘மலபார் ஜில்லா’ என்றிருப்பது வியப்பன்று. அதனைக் கணிப்பொறியில் படியெடுக்கும் ஒருவர், பிழையென்று கருதிக் ‘கேரளம்’ என மாற்றிவிட்டால் யாது நேரும்? எழுத்து அழகாகவே நிற்கும்; உண்மை போய்விடும்.

தாளுக்குக் காவல் உண்டு. அடித்தல், திருத்தல், இடைச்செருகல் உள்ள பத்திரத்தை, எழுதிக்கொடுத்தவர் அவ்விடங்களில் கையொப்பமிட்டாலன்றிப் பதிவாளர் மறுக்கலாம் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்த உ. வே. சாமிநாதையரோ தாம் கொள்ளாத பாடங்களையும் ‘பிரதிபேதம்’ என்று அடிக்குறிப்பிற் காட்டினார். படிப்பவரும் தாமே சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்னும் பெருந்தன்மை அது.

கணிப்பொறியில் இதையொத்த பணியை ஏற்றது, 1974இல் யூனிக்ஸ் அமைப்புடன் வெளிவந்த ‘டிஃப்’ என்னும் நிரல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து டக்ளஸ் மெக்கில்ராய் அதனை ஆக்கினார். பழைய படியிலும் புதிய படியிலும் வரிசை குலையாமல் பொதுவாக நிற்கும் வரிகளை இயன்றவரை மிகுதியாக அது கண்டெடுக்கும்; எஞ்சியவையே மாற்றங்கள். மாறாததைத் தேடி மாறியதை அறியும் இம்முறை எத்துணை எளியது!

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் இவ்வொப்பீட்டை யாவரும் காணலாம். ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதை அழுத்தி இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தால், இடப்புறம் பழையதும் வலப்புறம் புதியதும் நிற்கும். நீக்கிய சொல்லுக்கு மஞ்சள், சேர்த்த சொல்லுக்கு நீலம். மேலே நாளும் நேரமும் திருத்தியவரின் அடையாளமும். ஒரு குறை உண்டு. ஒப்பீடு சொல்லளவில் நடப்பதால், ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தாலும் சொல் முழுவதும் வண்ணம் பெறும். மாறிய எழுத்தை நம் கண்தான் தேட வேண்டும்.

மும்பையிலும் தில்லியிலும் வாழும் அன்பர்கள் தம் ஊரைப் பற்றிய கட்டுரையைப் படிக்குங்கால் அவ்வரலாற்றையும் திறந்து பார்க்கலாம். எல்லைப்புறத்தாருக்கு இது மிகவும் வேண்டுவது. இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26இல். 1960ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று ‘இடுக்கி மாவட்டத்தில்’ நடந்ததாக எழுதியிருந்தால், அச்சொல்லைப் புகுத்தியவர் யார், என்று புகுத்தினார், அதற்குமுன் அங்கே என்ன இருந்தது என்பதை அப்பக்கமே சொல்லிவிடும்.