கண்டதும் கேட்டதும்

தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த முதலாண்டில் தமிழ் மனு ஒன்றை ஆங்கிலமாக்கினேன். “வெள்ளம் ஊருக்குள் புகுந்ததாம்” என்று எழுதியிருந்தார் மனுதாரர். இறுதியில் நின்ற ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லை நான் விட்டுவிட்டேன். செவிவழி அறிந்தவர் கண்ணாற் கண்ட சாட்சியாகிவிட்டார்! பின்னர் விசாரித்தபோது, காணாததைக் கண்டதாகக் கூறினார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. பிழையோ என்னுடையது.

துருக்கி மொழியைச் சிறிது பயின்றபோது அந்த ‘ஆம்’ மீண்டும் என்முன் வந்து நின்றது. அம்மொழியில் ‘கெல்’ என்பது வருதலைக் குறிக்கும் பகுதி. ‘கெல்தி’ என்றால் வந்தான். சொல்பவர் அதை உறுதியாக அறிவார். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தானாம். பிறர் சொல்லக் கேட்டது, அல்லது வாசலிற் கிடக்கும் செருப்பைக் கண்டு ஊகித்தது. நம் பாட்டிமார் கதையில் அரசர் ‘இருந்தாராம்’. துருக்கியக் கதைகளிலும் அவர் ‘மிஷ்’ விகுதியோடுதான் தோன்றுகிறார்.

இவ்வேறுபாடு புதியதன்று. 11ஆம் நூற்றாண்டில் துருக்கியச் சொற்களை அரபு மொழியில் விளக்கி அகராதி தொகுத்த மஹ்மூது அல்-காஷ்கரி, இதனைத் தெளிவாகக் குறித்திருக்கிறார்.

பகுதியின்பின் உறுப்புகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்படுவதும் நமக்குப் பழக்கமானதே. ‘கெல்திம்’, வந்தேன், ‘கெல்மெதி’, வரவில்லை, ‘கெலெமெதி’, வர இயலவில்லை. எதிர்மறை வினைக்குள்ளேயே அடங்குவது நம் ‘வாரான்’ என்பதை நினைவூட்டும். ஆனால் ‘கெல்தி’ என்பதே வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் பொது. தமிழில் பெயர்ப்பவர் பால் அறியாது திகைக்க வேண்டியதுதான்!

1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளைத் துருக்கியம் உள்ளிட்ட ‘சித்திய’ மொழிகளோடு உறவுபடுத்த முயன்றார். அவ்வுறவை இன்றைய மொழியியலார் பொதுவாக ஏற்பதில்லை. கட்டமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் உடன்பிறந்தவை ஆகிவிடா. இருப்பினும், அவரை ஈர்த்தது எது என்பதை, விகுதிகளை எண்ணிப் பார்ப்பவர் உணர்வர்.

விகுதியின் உயிரெழுத்து, பகுதியின் உயிருக்கேற்ப மாறும்: ‘கெல்தி’ எனினும், ஆயிற்று என்பதற்கு ‘ஓல்து’. எட்டு உயிரொலிகள் கொண்ட அம்மொழிக்கு அரபு எழுத்து போதவில்லை. 1928 நவம்பரில் இயற்றிய சட்டத்தால் துருக்கிக் குடியரசு இலத்தீன் எழுத்தை மேற்கொண்டது. உயிர்களின் மாற்றம் ஏட்டிலும் தெளிவாயிற்று.

தன்னைப் பற்றியும் ஒருவர் ‘மிஷ்’ சேர்த்துப் பேசலாம். கண்ணயர்ந்து விழித்தவர் ‘உயுமுஷும்’ என்பார்: உறங்கிவிட்டேன் போலும். தம் உறக்கத்துக்குத் தாமே சாட்சியாக முடியாதல்லவா?