ஒப்புதலுக்குப் பின்னும் நீளும் பொறுப்பு: அமெரிக்க அரசு வடிவமைப்பு ஒப்பந்தங்களில் பொறியாளரின் கடமை வளர்ந்த வரலாறு

அரசுக்காகப் பாலமோ அணையோ வடிவமைத்துக் கொடுக்கும் பொறியாளர், தன் வரைபடத்தை அரசு அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகும் அதிலுள்ள பிழைக்குப் பொறுப்பாளியா? அமெரிக்கக் கூட்டரசின் இன்றைய கொள்முதல் விதிமுறைகள் இந்தக் கேள்விக்கு ஐயத்துக்கு இடமின்றி ‘ஆம்’ என்கின்றன. அந்த விடை ஒரே நாளில் வந்ததில்லை. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று திறந்துவிட்ட இடைவெளியை அடைப்பதற்காக, பல பத்தாண்டுகளில், ஒப்பந்தப் பிரிவுகளாக அது உருவானது. அந்த இடைவெளி இன்னும் முழுதாக அடைபடவில்லை என்பதே என் வாதம். கட்டுமான ஒப்பந்ததாரரிடம் அரசு ‘இந்த வரைபடம் சரியானது’ என்று உத்தரவாதம் அளிக்கிறது. அதே வரைபடத்தை வரைந்த பொறியாளரிடமிருந்து அது பெறுவதோ ‘உரிய கவனத்துடன் செய்வேன்’ என்ற உறுதிமொழி மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே விழும் இழப்பு பொதுப்பணத்தின் தலையில்தான் விழும். அதைக் குறைக்கக்கூடியது அரசின் சொந்தச் சரிபார்ப்புத் திறன். ஒப்பந்த வாசகம் எவ்வளவு கடுமையாக எழுதப்பட்டாலும் அந்தத் திறனுக்கு ஈடாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. 1802இல் நிலையாக அமைக்கப்பட்ட ராணுவப் பொறியாளர் படையும், நிதித்துறையின் மேற்பார்வைக் கட்டடக் கலைஞர் அலுவலகமும் கூட்டரசின் வரைபடங்களில் பெரும்பகுதியைத் தாங்களே வரைந்தன. வரைந்தவரும் ஒப்புதல் தந்தவரும் ஒரே அரசின் ஊழியர்கள் என்பதால் யார் மீது யார் வழக்குத் தொடுப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. 1893இன் டார்ஸ்னி சட்டம் நிதித்துறைக் கட்டடங்களுக்குத் தனியார் கலைஞர்களைப் போட்டி மூலம் அமர்த்த வழி செய்தது. 1912இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. வெளியாரிடம் வடிவமைப்பை ஒப்படைப்பது அப்போது விதிவிலக்காகவே இருந்தது.

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1905இல் ஜார்ஜ் ஸ்பியரின் என்ற ஒப்பந்ததாரர் நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் 7,57,800 டாலருக்கு ஓர் உலர் கப்பல்துறை கட்ட ஒப்பந்தம் செய்தார். துறை அமையவிருந்த இடத்தின் குறுக்கே ஆறடி விட்டமுள்ள செங்கல் சாக்கடை ஒன்று ஓடியது. அதன் ஒரு பகுதியை எங்கே, எந்த அளவில், எந்தப் பொருளால் மாற்றிக் கட்ட வேண்டும் என்பதை அரசின் வரைபடமும் விவரக்குறிப்பும் வரையறுத்திருந்தன. அவர் அதன்படியே கட்டினார், அரசும் ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய ஓராண்டு கழிந்து, பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்த நாளில் சாக்கடை உள்ளழுத்தத்தால் பல இடங்களில் உடைந்து, தோண்டியிருந்த பள்ளம் நிரம்பியது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அதனுடன் இணைந்த ஏழடிச் சாக்கடைக்குள், தளத்தின் எல்லைக்குள்ளேயே, ஐந்து முதல் ஐந்தரை அடி உயரத் தடுப்பு ஒன்று இருந்தது. அது நீரை ஆறடிச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டது. நகராட்சி வரைபடத்திலும் அந்தத் தடுப்பு இல்லை, அரசு கொடுத்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அங்குள்ள சாக்கடைகள் அவ்வப்போது நிரம்பி வழிந்ததை அரசு அறிந்திருந்தது, ஸ்பியரின் அறியவில்லை. பழுதைச் சொந்தச் செலவில் சரிசெய்யும்படி அரசு கேட்டது. அவர் மறுத்தார், கடற்படைச் செயலர் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்.

1918 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு ஒப்பந்ததாரர் பக்கம் நின்றது. தான் கொடுத்த வரைபடத்தின்படி கட்டச் சொல்லும் உரிமையாளர், அந்த வரைபடம் போதுமானது என்று உள்ளார்ந்த உத்தரவாதமும் தருகிறார் என்பது அதன் சாரம். இடத்தை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும், வரைபடங்களைச் சரிபார்க்க வேண்டும், வேலை ஏற்கப்படும்வரை பொறுப்பேற்க வேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்த பொதுவான பிரிவுகள் அந்த உத்தரவாதத்தை அழித்துவிடா என்றும் நீதிமன்றம் கூறியது. ஸ்பியரின் செலவிட்டதில் நிலுவையாக இருந்த 81,180.86 டாலரும், இழந்த லாபமாக 60,000 டாலரும் அவருக்குக் கிடைத்தன. தொகையைவிடக் கோட்பாடு நீண்ட காலம் வாழ்ந்தது. அமெரிக்கப் பொதுப்பணி வழக்குகளில் இன்றும் முதலில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

இதன் மறுபக்கத்தில், வடிவமைப்பவரின் கடமையைச் சட்டம் இவ்வளவு கடுமையாக அளக்கவில்லை. 1896இல் மேய்ன் மாநில உச்ச நீதிமன்றம் கூம்ஸ்–பீட் வழக்கில், கட்டடக் கலைஞர் குறையற்ற வரைபடத்தையோ திருப்தியான விளைவையோ உறுதிசெய்வதில்லை, தன் தொழிலுக்குரிய திறனையும் கவனத்தையும் நேர்மையையும் செலுத்துவதே அவர் கடமை என்று தீர்ப்பளித்தது. மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரை அளக்கும் அதே அளவுகோல் இது. பல மாநில நீதிமன்றங்கள் இந்த வழியைப் பின்பற்றின. இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். கவனக்குறைவு ஏதுமின்றியே ஒரு வரைபடத்தில் பிழை நேரலாம். அப்போது ஒப்பந்ததாரருக்கு அரசு ஈடு செய்தாக வேண்டும், பொறியாளரிடமோ அதைத் திரும்பக் கேட்க முடியாது. வரைபவர் அரசு ஊழியராக இருந்தவரை இந்த இடைவெளி கணக்கில் மட்டும் இருந்தது. வடிவமைப்பு வெளியார் கைக்குப் போனதும் அது நடைமுறைச் சிக்கலாகியது.

வெளியார் கைக்குப் பெருமளவில் போனது போர் ஆயத்தக் காலத்தில். 1939இல் நாடாளுமன்றம் கடற்படைக்கும், பின்னர் தரைப்படைக்கும், தனியார் கட்டடக் கலைஞர்களையும் பொறியாளர்களையும் பேச்சுவார்த்தை மூலம் அமர்த்த அனுமதி அளித்தது. கட்டணம் மதிப்பிட்ட கட்டுமானச் செலவில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைத்தது. அந்த வரம்பு பல பத்தாண்டுகள் சட்டத்தில் நீடித்தது. ‘மலிவாக யார் வரைகிறார்’ என்று டெண்டர் விடலாமா, தகுதியைப் பார்த்து அமர்த்தலாமா என்ற விவாதத்துக்கு 1972 அக்டோபரில் வந்த புரூக்ஸ் சட்டம் விடை சொன்னது. டெக்சாஸ் உறுப்பினர் ஜாக் புரூக்ஸின் பெயர் பெற்ற அச்சட்டப்படி நிறுவனங்களைத் தகுதி வரிசைப்படுத்தி, முதலிடம் பெற்றவருடன் மட்டும் நியாயமான கட்டணத்துக்குப் பேச வேண்டும். உடன்பாடு எட்டாவிட்டால் அடுத்தவரை அழைக்கலாம். பொறுப்பின் வரலாற்றில் இதற்கு முக்கிய இடம் உண்டு என்று கருதுகிறேன். விலைப்போட்டியிலிருந்து ஒரு தொழிலை அரசு விலக்கி வைக்கும்போது, அந்தத் தொழிலிடம் கூடுதல் கடமையைக் கேட்கும் தார்மீக உரிமை அரசுக்குக் கிடைக்கிறது.

அந்தக் கடமையின் இன்றைய வடிவம் 1984 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுக் கொள்முதல் விதிமுறைத் தொகுப்பில் இருக்கிறது. அதில் பொறியாளரின் பொறுப்பு பற்றிய பிரிவைக் கவனமாகப் படித்தால், ஒரே பிரிவுக்குள் இரண்டு அளவுகோல்கள் இருப்பது தெரியும். முதற்பகுதி, வரைபடங்களின் தொழில்தரம், தொழில்நுட்பத் துல்லியம், ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்குப் பொறியாளரே பொறுப்பு என்றும், பிழையோ குறைபாடோ இருந்தால் கூடுதல் ஊதியமின்றித் திருத்தித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே கவனக்குறைவு என்ற நிபந்தனையே இல்லை. அடுத்த பகுதி அரசுக்கு ஏற்படும் இழப்பைப் பற்றிப் பேசும்போது, கவனக்குறைவான பணியால் வந்த இழப்புக்கு மட்டும் பொறுப்பாக்குகிறது. வரைபடத்தைத் திருத்துவது சில ஆயிரம் டாலரில் முடியலாம். எழும்பிவிட்ட கான்கிரீட்டை இடித்துக் கட்டும் செலவு அதைப் பல மடங்கு தாண்டும். பெரிய செலவு வரும் இடத்தில்தான் சட்டம் பழைய மென்மையான அளவுகோலுக்குத் திரும்புகிறது. இவற்றுக்கு நடுவே நிற்பதுதான் நம் தலைப்புக்குரிய வாசகம்: அரசின் பரிசீலனையோ ஒப்புதலோ ஏற்போ பணம் கொடுத்ததோ எதுவும் அரசின் உரிமைகளைக் கைவிட்டதாகக் கொள்ளப்படாது. இத்துடன், வந்த டெண்டர் விலைகள் ஒதுக்கிய நிதியைத் தாண்டினால் இலவசமாக மறுவடிவமைப்புச் செய்ய வேண்டும் என்ற பிரிவும் உண்டு. வடிவமைப்புப் பிழையால் கட்டுமானச் செலவு கூடினால் ஒப்பந்த அதிகாரி பொறியாளரின் பொறுப்பை ஆராய வேண்டும், பணத்தை மீட்க வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும் என்பதும் விதி.

ஒப்புதல் பொறுப்பைக் கழிக்காது என்ற கொள்கை நியாயமானதே. அதைவிட்டால், சரிபார்க்கும் இளநிலை அதிகாரியின் கையெழுத்து நிபுணரின் தவறுக்குக் கேடயமாகிவிடும். ஆனால் இந்தக் கொள்கை அரசுக்குள் என்ன விளைவை ஏற்படுத்தும் என்பதையும் பார்க்க வேண்டும். பிழைக்குப் பொறியாளரே பொறுப்பு என்றாகும்போது, சரிபார்ப்பவரின் கவனம் தளரலாம். மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த ஐ-35 மேற்கு நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 மாலை இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தனர், 145 பேர் காயமடைந்தனர். இது மினசோட்டா மாநிலத்தின் ஒப்பந்தம், மேற்சொன்ன கூட்டரசுப் பிரிவு இதற்குப் பொருந்தாது. இருந்தாலும் பொறுப்பு நகரும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. 1960களில் ஸ்வெர்ட்ரப் அண்ட் பார்சல் நிறுவனம் வடிவமைத்த அந்தப் பாலத்தின் உத்திரங்களை இணைக்கும் சில முக்கிய மூட்டுத் தகடுகள் ஓரங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலத் தடிமனே இருந்தன. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வடிவமைப்புப் பிழையையே மூல காரணமாகக் கண்டது. நிறுவனத்தின் உள் சோதனை அதைப் பிடிக்கவில்லை. மாநில அதிகாரிகளும் கூட்டரசு அதிகாரிகளும் செய்த பரிசீலனையிலும் மூட்டுத் தகடுகள் போதிய கவனம் பெறவில்லை. 1967இல் போக்குவரத்துக்குத் திறந்த பாலத்தில் நாற்பது ஆண்டுகள் அந்தப் பிழை யார் கண்ணிலும் படவில்லை. 2003இல் எடுத்த புகைப்படங்களிலேயே சில தகடுகள் வளைந்திருந்தது தெரிந்தும்கூட.

மாநிலம் பாதிக்கப்பட்டோருக்குச் சுமார் 3.7 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. பிறகு, ஸ்வெர்ட்ரப்பை வாங்கியிருந்த ஜேக்கப்ஸ் நிறுவனத்திடம், பழைய ஒப்பந்தத்தின் அடிப்படையில் அந்தப் பணத்தைக் கேட்டது. கட்டி முடித்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வழக்கே செல்லாது என்று நிறுவனம் கால வரம்புச் சட்டத்தைக் காட்டியது. இழப்பீட்டுக்காக மாநிலம் இயற்றிய சட்டம் அந்தக் கோரிக்கைக்கு மீண்டும் உயிர் கொடுத்துவிட்டது என்று 2011இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் 89 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. கொடுத்ததில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது ஆண்டு பழைய ஒப்பந்தத்தை நிலைநிறுத்த ஒரு சிறப்புச் சட்டமே தேவைப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒப்பந்தப் பொறுப்பு என்பது தாமதமாக, அரைகுறையாகக் கிடைக்கும் பணம். தகடு போதுமா என்று ஒரு பொறியாளர் 1965இல் கணக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் பாதுகாப்பை அது தராது.

அரசும் சரிபார்க்கும் கடமையை ஏற்றால் பொறுப்பு இருவர் தலையிலும் பங்கு போடப்பட்டு, கடைசியில் யார் மீதும் நிற்காது என்று ஒரு மறுப்பு எழலாம். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சரிபார்க்கும் கடமை அரசு அதிகாரிக்கும் அவர் துறைக்கும் இடையிலான உள்விதியாக இருக்கலாம். பொறியாளர் அதைத் தன் தற்காப்பாக எடுத்துக்கொள்ள முடியாதபடி, ஒப்புதல் பற்றிய இன்றைய பிரிவு அப்படியே தொடரலாம். பணத்தை மீட்காத அதிகாரி காரணம் எழுத வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறதே. எந்தக் கணக்குகளைச் சரிபார்த்தேன், எவற்றை விட்டேன் என்று பரிசீலனை அதிகாரியும் கோப்பில் எழுத வேண்டும் என்று கேட்பது அதே போக்கில் அடுத்த படி. மூட்டுத் தகடுகள் ‘விடப்பட்டவை’ பட்டியலில் எழுதப்பட்டிருந்தால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருக்க வாய்ப்புண்டு.

வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் இடைவெளியே இருக்காது என்பது மற்றொரு மறுப்பு. 1996இன் கிளிங்கர்–கோஹன் சட்டம் கூட்டரசுப் பணிகளில் இதற்கு வழி திறந்தது. வரைபடப் பிழை கட்டுபவரின் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுவதால் ஸ்பியரின் உத்தரவாதத்தின் வீச்சு பெரிதும் சுருங்குகிறது என்பது மெய். ஆனால் அப்போது வடிவமைப்பாளர் அரசின் ஆலோசகராக இருப்பதை விட்டு ஒப்பந்ததாரரின் ஆலோசகராகிறார். அரசின் தரப்பில் நின்று ‘இது தாங்காது’ என்று சொல்ல வேண்டிய குரலை வேறு எங்காவது விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. புளோரிடாவில் 2018 மார்ச் 15 அன்று, இந்த முறையில் கட்டப்பட்டுவந்த பல்கலைக்கழகப் பாதசாரிப் பாலம் இடிந்து 6 பேர் உயிரிழந்தனர். அங்கே சுயேச்சையான மறுபரிசீலனை ஒன்று ஒப்பந்தப்படி நடந்திருந்தது. அதைச் செய்த நிறுவனம் அந்த வகைப் பணிக்கு மாநிலத்தின் முன்தகுதி பெற்றிருக்கவில்லை. கட்டுமானத்தின் இடைநிலைகளில் பாலத்தின் தாங்குதிறனும் அதன் பரிசீலனை வரம்புக்குள் வரவில்லை. பாலம் விழுந்தது அந்த இடைநிலை ஒன்றில்தான்.