நத்தார் வண்டியிற் பூட்டிய பனிமான்

நத்தார் தாத்தாவின் வண்டியைப் பனிமான்கள் இழுக்கும் கற்பனை, 1823இல் நியூயோர்க் மாநிலப் பத்திரிகையொன்றில் வெளியான கவிதையாற் பரவியது. அதற்கு ஓராண்டு முன்னரே, இலண்டன் எகிப்திய மண்டபத்தில் வில்லியம் புல்லக் என்பார், லாப்லாந்தின் சாமி இனக் குடும்பமொன்றையும் உயிருள்ள பனிமான்களையும் ஒருங்கே காட்சிப்பொருளாக்கியிருந்தார். காண வந்தோர்க்கு மனிதரும் விலங்கும் ஒன்றே போலும்! 1926இல் அலாஸ்காவின் கார்ல் லோமன், தம் மந்தைகளின் இறைச்சிக்குச் சந்தை தேடி, மேசி பேரங்காடியுடன் இணைந்து நத்தார் ஊர்வலங்களில் இவற்றை நடத்தினார்.

மந்தையாக வாழ்தலும் குளிர்காலத்தில் இலைக்கன் மேய்தலும் இவற்றின் இயல்பு. துருவக் குளிரைத் தாங்கும் தடித்த உரோமமே, வெப்பமூட்டிய கடைத்தொகுதிகளில் இவற்றை வருத்துகின்றது. எனினும் அச்சத்தை ஓலமிட்டு வெளிப்படுத்தாது அசையாமல் நிற்பதனால், அந்நிலையினைச் சாந்தமெனவே பார்வையாளர் கொள்கின்றனர்.